அக்கா போட்ட உப்பு

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கும்குவாட் மரம் நின்றது. மரம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். என் கணவரின் தலைக்கு மேல் ஒரு முழம் போகும், அவ்வளவே. பழம் நெல்லிக்காய் அளவு, ஆரஞ்சு நிறம். வாயில் போட்டால் முதலில் தோல் இனிப்பதாகப் போக்குக் காட்டும், பிறகு உள்ளே இருக்கும் புளிப்பு ஒரு கண்ணை மூட வைக்கும். ஃபிஜியில் எங்கள் ஆட்கள் வீடென்றால் கொல்லையில் இது ஒன்று இருக்கும். சென்னைப் பட்டணத்தில் கப்பலேறி அங்கே கரும்பு வெட்ட வந்தவர்களுக்கு இந்தப் பழத்தைத் தெரிந்திருக்க நியாயமில்லை. நார்த்தங்காய்க்கு என்ன செய்வார்களோ அதை இதற்கும் செய்து பார்த்திருக்கிறார்கள். அது ஒத்துக்கொண்டுவிட்டது. நாங்கள் அதை அச்சார் என்போம். ஊறுகாய் என்ற சொல் கோவில் பந்தியில் பரிமாறும் பெரியவர்களின் வாயில் மட்டும் மிச்சமிருந்தது.

வீடு வோட்டுவாலேவில். நந்தி விமானநிலையம் பக்கத்திலேயே. ஒரு நாளைக்குப் பல தடவை விமானத்தின் நிழல் கொல்லையைக் கடந்து போகும். முதலில் வேலி மேல், பிறகு துணிக்கொடி மேல், பிறகு மரத்தின் மேல், அப்புறம் தகரக் கூரை மேல் ஏறிக் காணாமல் போகும். அந்த நிழல் மரத்தின் மேல் படும்போது மட்டும் பழங்கள் ஒரு கணம் பச்சையாகத் தெரியும். உண்மையில் அப்படித் தெரியுமா, நானாகக் கற்பனை செய்துகொண்டதா என்று இப்போது சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த வீட்டை நினைத்தால் முதலில் வருவது அந்த நிழல்தான்.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டே பேர், அவள் மூத்தவள். பிறந்ததும் வளர்ந்ததும் பினாங்கில். பெயரைக் கேட்டு மலேயா என்று நினைக்க வேண்டாம். இது ராக்கிராக்கி பக்கத்தில், சர்க்கரை ஆலையும் சுற்றிலும் கரும்புமாக இருக்கும் எங்கள் பினாங்கு. நான் சின்னவளாக இருந்தபோது அம்மா என்னை ஒரு ஜாடி மாங்காய்க்கு உப்புப் போடச் சொன்னாள். போட்டேன். அந்த வாரம் முழுக்க விடாமல் மழை. ஜாடியைத் திறந்தபோது மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. அம்மா மழையை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இவ கை உப்புக்கு ஆவாது" என்றாள். அத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அச்சார் போடுவது இரண்டு பேர் வேலையானது. உப்புப் போடுவது அக்கா. அது ஊறி இறங்கிய பிறகு கடுகும் வெந்தயமும் வறுத்துப் பொடித்து, மிளகாய் சேர்த்து, எண்ணெய் காய்ச்சி ஆறவிட்டு ஊற்றுவது நான். என் மசாலாவுக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஆனால் உப்பு ஜாடி இருக்கும் அலமாரிப் பக்கம் நான் போனாலே யாராவது "ஏய்" என்பார்கள். நான் கல்யாணமாகி வோட்டுவாலேவுக்கு வந்தபோது எனக்கு முன்னால் அந்தச் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மாமியார் என்னை உட்காரவைத்து முதலில் சொன்னது, "சமையல் எல்லாம் நீ பாத்துக்கோ, உப்பு ஜாடிய மட்டும் தொடாத" என்பதுதான்.

அதனால் ஒவ்வொரு வருஷமும் குளிர்காலம் தொடங்கி, மழை விட்டு, பழம் நிறம் மாறியதும் அக்கா பினாங்கிலிருந்து பஸ் ஏறி வருவாள். அவள் புருஷன் ஆலையில் ஃபிட்டர். அவருக்குச் சோறாக்கி வைக்க ஓர் ஆளைப் பிடித்துவிட்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் வீட்டில் தங்கி உப்புப் போட்டுவிட்டுப் போவாள். மசாலா சேர்ந்ததும் தன் பங்கை வாங்கிப்போக இன்னொரு தடவை வருவாள். அச்சார் ஒரு சாக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். என் கை உப்புக்கு ஆகாது என்பதை நான் ஒருநாளும் எதிர்த்துப் பேசாததற்கு அதுதான் காரணம். ஆகிவிட்டால் அக்கா எதற்கு வருவாள்?

அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கும். பழங்களைக் கழுவுவதில்லை. ஒவ்வொன்றாக உலர்ந்த துணியால் துடைப்பாள். காம்புப் பக்கம் விட்டுப்போகாமல் நாலாகக் கீறி, விரலால் கொஞ்சம் விரித்து, உள்ளே உப்பை அடைத்து, மறுபடி பழமாக மூடி ஜாடியில் வைப்பாள். பார்த்தால் கீறியதே தெரியாது. பிறகு ஜாடியைக் கொல்லையில் வெயிலில் வைத்து, வேளைக்கொரு தடவை குலுக்கிவிடுவாள். சாறு மெல்ல மேலே ஏறிவரும். வெயில் நன்றாகக் காய்ந்தால் பழங்களை வெளியே எடுத்துத் தகரக் கூரையின் தாழ்ந்த பக்கத்தில் பரப்பி, மேலே பழைய வேட்டி ஒன்றை விரிப்பாள். அறுவடைக் காலமாதலால் எங்கேயாவது கரும்புக் கொல்லையில் தீ வைத்திருப்பார்கள். கறுப்புச் சாம்பல் இழை இழையாகக் காற்றில் மிதந்து வந்து வேட்டி மேல் இறங்கும். சாயங்காலம் அந்த வேட்டியை உதறுவது என் வேலை.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

முதல் தடவை பட்டாளம் ஆட்சியைப் பிடித்த அன்று நான் கொல்லையில்தான் இருந்தேன். ரேடியோவில் பாட்டு நின்று யாரோ இங்கிலீஷில் பேசினார்கள். பக்கத்து வீட்டு காய்வீத்தி அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். ஃபிஜியின் பூர்வ குடிகளை நாங்கள் காய்வீத்தி என்றுதான் சொல்வோம். என்னைவிட மூத்தவள், அங்கே இந்தியர் எல்லோருக்கும் பொதுவான ஃபிஜி ஹிந்தியை எங்களைவிட நன்றாகப் பேசுவாள், என்னைத் தங்கச்சி என்ற அர்த்தத்தில் பஹினி என்பாள். "பஹினி, பிள்ளைங்கள உள்ள கூப்பிட்டுக்கோ" என்றாள். அவளும் நானும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று ரேடியோவைக் கேட்டோம்.

இந்தியர் கை ஓங்கியிருந்த அரசாங்கத்தைத்தான் பட்டாளம் கவிழ்த்திருந்தது. அதன் பிறகு எங்கள் ஆட்கள் எல்லோரும் நாட்டை விட்டுப் போகத் தொடங்கினார்கள். எங்கள் வீடு விமானநிலையத்துக்குப் பக்கமென்பதால், எந்த ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் கடைசிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். வுனிமோனோவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம், ராக்கிராக்கிக்காரர்கள், முகமே தெரியாத தூரத்துச் சொந்தங்கள் என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். பெட்டியில் இடம் போதாமல் சப்பாத்திப் பலகையையும் கட்டையையும் உரலையும் தவாவையும் எங்களிடம் விட்டுப்போவார்கள். "வந்து எடுத்துக்கறோம்" என்பார்கள். எங்கள் சமையலறையில் சப்பாத்திக் கட்டைகள் மட்டும் ஒரு கடை வைக்கிற அளவுக்குச் சேர்ந்தன. என் கணவருக்கு விமானநிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. எந்தப் பெட்டியில் அச்சார் இருக்கிறது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். "இந்தியன்ல பாதிப் பேரை நானே ஏத்தி அனுப்பிட்டேன்" என்று கைகழுவிக்கொண்டே சிரிப்பார். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார்.

அடுத்த குளிர்காலத்தில் அக்கா வந்தபோது பிள்ளைகளை அழைத்து வரவில்லை. பழங்களைத் துடைக்க உட்கார்ந்தாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"கனடாவுக்குக் காயிதம் வந்துடிச்சி. உங்க அத்தானோட அண்ணன் கூப்பிட்டிருக்காரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னைக் கேட்டாதான சொல்றதுக்கு."

"உனக்குப் போவ இஷ்டமா அக்கா?"

அவள் ஒரு பழத்தைக் கீறி உப்பை அடைத்து மூடினாள். "புள்ளைங்க படிக்கணும்ல" என்றாள். அக்கா எப்போதும் அப்படித்தான். கேட்ட கேள்விக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் வேறு எதையாவது சொல்வாள். அவள் இல்லாத பினாங்கையும், பஸ்ஸை எதிர்பார்க்க வேண்டாத குளிர்காலத்தையும் என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த வருஷம் மரம் ஏன் அப்படிக் காய்த்தது என்று தெரியவில்லை. கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அக்கா அதில் ஒரு பழத்தைக்கூட விடவில்லை. டவுனில் மூடிவிட்டுப் போன ஒரு மளிகைக் கடையின் மிட்டாய் ஜாடிகளை என் கணவர் தூக்கிவந்து கொடுத்தார். அகல வாய் உள்ள பெரிய கண்ணாடி ஜாடிகள். அவை எல்லாவற்றையும் அவள் நிரப்பினாள். இத்தனை எதற்கு என்று கேட்டால் அடுத்த ஜாடியை எடுத்து வைத்துக்கொள்வாள். விரல் நுனிகளில் தோல் வெடித்து, அதில் உப்புப் பட்டு எரிந்தபோது ஊதிக்கொண்டாளே தவிர எழுந்திருக்கவில்லை.

அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வேலை செய்யக்கூடாது என்று பட்டாளத்தின் சட்டம் இருந்தது. பஸ் ஓடாது, கடை திறக்காது, வயலில் ஆள் இறங்கக்கூடாது. அந்த அமைதி கனவில் வருவதைப் போல இருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரையில் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன, நாங்கள் இரண்டு பேரும் நிழலில் பாய் விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். காய்வீத்தி அம்மாள் வெள்ளை உடுப்பும் கையில் பைபிளுமாகத் தன் வீட்டு ஆட்களோடு சர்ச்சுக்குக் கிளம்பி வந்தாள். கூரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையில் அச்சார் போட்டதற்காகப் பிடித்துக்கொடுத்துவிடுவாளோ என்று அக்கா பயந்து எழுந்து நின்றாள்.

"உட்காரு, உட்காரு. வேலை செய்யறது வெயில்தான. நீயா செய்யற?" என்றாள் அந்த அம்மாள். சொல்லிவிட்டுத் தன் ஆட்களிடம் திரும்பி, அவர்கள் மொழியில் அதையே சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டு போனார்கள். அக்காவும் அன்றைக்கு வெகு நேரம் சிரித்தாள். கிளம்புகிற பேச்சு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஜாடிகள் சமையலறை மேல் தட்டில் வரிசையாக ஏறிய பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு அவற்றின் முன்னால் நிறுத்தினாள்.

"இது கெடாது. உப்புல கெடக்க கெடக்க கறுத்து நல்லாதான் ஆவும். வருஷா வருஷம் வேணுங்கறத எடுத்து நீ மசாலா போட்டுக்கோ. நீ உப்புப் போட வேணாம்."

"சரிக்கா."

"இது தீர்றதுக்குள்ள நான் வந்துடுவேன்."

அவள் தனக்கென்று ஒரு பாட்டில்கூட எடுக்கவில்லை. நான் ஒரு சின்ன பாட்டிலில் மசாலா போட்டு, பிளாஸ்டிக்கில் சுற்றி, துண்டில் சுற்றி, அதன் மேல் ஒரு சேலையையும் சுற்றி வைத்திருந்தேன். போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கொண்டுபோவார்கள். அக்கா சேலையைப் பிரித்து, துண்டைப் பிரித்து, பாட்டிலைத் திரும்பத் தட்டில் வைத்தாள். "அங்க வெச்சித் தின்னேன்னா அங்கயே இருந்துடுவேன். இங்க இருக்கட்டும்" என்றாள். விமானநிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள் என்று தெரிந்ததால் நானும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து கொல்லையில் நின்றேன். சாயங்கால வெளிச்சத்தில் விமானத்துக்கு நிழல்கூட இல்லை, சத்தம் மட்டும் மேலே போனது.

முதல் சில வருஷங்கள் அவள் சொன்னபடியே நடந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் தட்டிலிருந்து கொஞ்சம் இறக்கி, மசாலா போட்டேன். உப்பில் கிடந்த பழம் முதலில் பழுப்பாகி, பிறகு கறுத்து, தோல் வெண்ணெயாக மிருதுவாகிவிட்டிருந்தது. மரத்தில் புதிதாகக் காய்ப்பதைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். காய்வீத்தி அம்மாள் மரவள்ளிக் கிழங்கு வேகவைத்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வரும், தட்டு திரும்பும்போது அதில் அக்காவின் அச்சார் இருக்கும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாதல்லவா.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வாள். அவளுக்கு அங்கே சனிக்கிழமையாக இருக்கும். ஏதோ பழத்தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு மூடி போடும் வேலை என்றாள். "எல்லாம் மெஷினே உப்புப் போட்டுக்குது, சர்க்கரை போட்டுக்குது. நான் மூடி நேரா இருக்கான்னு பாக்கறதோட சரி" என்றாள். பிள்ளைகள், பனி, அத்தானின் முதுகுவலி எல்லாம் பேசி முடித்த பிறகு ஒன்று கேட்பாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

நான் தலையைத் திருப்பி மேல் தட்டைப் பார்ப்பேன். "நெறைய இருக்குக்கா" என்பேன். அந்தக் கேள்விக்காகத்தான் அவள் ஃபோனே செய்கிறாள் என்று என் கணவர் கேலி செய்வார்.

வருகிறேன் என்று ஒரு தடவை டிக்கெட்கூட வாங்கினாள். அத்தானுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அது போயிற்று. பிறகு அவள் மூத்த மகளின் கல்யாணம். பிறகு வேலையில் லீவு இல்லை. தட்டில் ஜாடிகள் குறைந்துகொண்டே வந்து ஒன்றில் வந்து நின்றன. அதுவும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. சமையலறைக்குள் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகினேன். தீர்ந்துவிட்டால் என்ன? அவள் வாக்கு பொய்யாகிவிடும். ஒரு ஜாடி அச்சாரில் போய் உயிரை வைத்திருக்கிறாயே என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். திட்டியும் பலனில்லை.

அந்த வருஷம் நான் உப்பில் கைவைத்தேன். வீட்டில் ஒருவருமில்லாத ஒரு பகலில் மரத்திலிருந்து பழம் பறித்து, துடைத்து, நாலாகக் கீறி, அக்கா செய்வதை எத்தனையோ வருஷம் உட்கார்ந்து பார்த்தபடியே செய்து, அந்தப் பழைய உப்புச் சாற்றிலேயே போட்டு ஜாடியை நிரப்பினேன். பிறகு தினமும் மூடியைத் திறந்து பார்ப்பேன். வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று ஜாடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பேன். புதுப் பழங்கள் மெல்ல மெல்ல நிறம் மாறி, பழைய பழங்களோடு சேர்ந்துவிட்டன. பூஞ்சணம் பூக்கவே இல்லை. எனக்குச் சந்தோஷப்பட வேண்டுமா கூடாதா என்று புரியவில்லை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

"உன் கை திருந்திடிச்சி போல" என்றார் கணவர், ஒருநாள் ஜாடியை நிமிர்ந்து பார்த்து. அவருக்கு எல்லாம் தெரியும்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன். எனக்குச் சோத்துக்கு அச்சார் இருந்தா சரி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் எடுக்கிற அளவுக்கு நான் உள்ளே போட்டேன். ஃபோனில் அக்கா கேட்டால், "இருக்குக்கா, பாதிக்கு மேல இருக்கு" என்பேன். அது பொய்யில்லை. அந்த ஜாடி தீராத வரைக்கும் அக்கா வந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அப்படித்தான் நான் வைத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து மறுபடி ஆட்சி கவிழ்ந்தபோது ரேடியோவை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். பயத்தைவிட அலுப்புத்தான் அதிகமாக இருந்தது. என் கணவர் அப்படியில்லை. முன்பு எதற்கும் சிரிக்கிறவர், அந்த வருஷம் சாப்பாட்டில் பேச்சையே விட்டுவிட்டார். எங்கள் பையனுக்குப் படிப்பு முடிகிற நேரம். விமானங்கள் குறைந்து வேலையும் பாதி நாளாகிவிட்டது. ஒருநாள் நியூசிலாந்தில் குடியேற எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். எழுதிப் போட்டது கிடைக்கவும் கிடைத்தது. நான் ஜாடியைக் காட்டி, "இது இருக்கறப்ப நான் எப்படி வர்றது?" என்றேன். யாராவது கேட்டால் பைத்தியம் என்பார்கள். அவர் கேட்டுவிட்டு, "அக்காவுக்கு ஃபோன் பண்ணு" என்று மட்டும் சொன்னார்.

ஃபோன் செய்தேன். நாங்களும் கிளம்புகிறோம், வீட்டைப் பினாங்குப் பக்கத்தில் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து வந்த ஒரு குடும்பம் வாங்குகிறது என்று சொன்னேன்.

"நீ அங்க இருக்கன்னுதான் நான் இங்க இருந்தேன்" என்றாள். பிறகு, "ஜாடி இருக்கா?" என்றாள்.

"இருக்குக்கா."

"அப்ப வர்றேன்."

வந்துவிட்டாள். மலிவு டிக்கெட்டானதால் தேதியை மாற்ற முடியாது. நாங்கள் கிளம்பிப்போன பிறகும் அவளுக்குச் சில நாள் இருந்தது. விமானநிலையத்திலிருந்து வெளியே வந்தவள் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், அந்த வெயிலில் தடித்த கோட்டு வேறு. என்னைக் கட்டிக்கொண்டபோது அவள் உயரம் குறைந்துவிட்டதாகத் தோன்றியது. நான்தான் முன்பு அவளை அண்ணாந்து பார்த்தேனோ என்னவோ. வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகாமல் நேராகக் கொல்லைக்குப் போய் மரத்தடியில் நின்றாள். பழங்கள் பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன, கீழேயும் உதிர்ந்து கிடந்தன. அந்த வருஷம் எனக்குப் பறிக்க மனம் வரவில்லை. யாருக்காகப் பறிப்பது?

மத்தியானம் சோறும் பருப்பும் வைத்து, ஜாடியைக் கீழே இறக்கினேன். அவள் கறுத்த பழம் ஒன்றைக் கையால் எடுத்து, ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுல என் உப்பு எவ்வளவு, உன் உப்பு எவ்வளவு?" என்றாள்.

"தெரியலக்கா. கலந்துபோச்சி."

"எத்தனை வருஷமா?"

"கடைசி ஜாடி பாதிக்குக் கீழ போனதுலேர்ந்து."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் இன்னொரு துண்டைப் பிய்த்துச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தாள். "நல்லாதான் இருக்கு. அம்மா மழையத் திட்டியிருக்கணும்" என்றாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம், அழுதுகொண்டே சாப்பிட்டோம். என் கணவர் தட்டோடு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

அந்த ஜாடியைக் காலி செய்துவிட்டுத்தான் கிளம்பினோம். அக்கா இருந்த நாட்களில் மூன்று வேளையும் அதுதான். வேலிக்கு அந்தப் பக்கமும் தட்டுத் தட்டாகப் போயிற்று. கடைசி நாள் நான் ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். அக்கா எங்களோடு விமானநிலையத்துக்கு வந்தாள். இந்தத் தடவை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றது அவள். எத்தனையோ பேரின் பெட்டிகளை ஏற்றி அனுப்பிய என் கணவர் தன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு தலை குனிந்து நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கையை ஆட்டவில்லை. வீட்டுச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். விமானம் எழும்பியதும் ஜன்னல் வழியாக எங்கள் தகரக் கூரையைத் தேடினேன். எல்லாக் கூரைகளும் ஒரே வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தன, எது எங்களுடையது என்று தெரியவில்லை.

ஆக்லாந்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில் தரைக்குக் கம்பளம் போட்டிருந்தார்கள். வெளியே மழை, உள்ளே பெட்டிகள். பொழுது விடிந்ததும் முதல் வேலையாகப் பழைய வீட்டு நம்பருக்கு ஃபோன் செய்தேன். அந்தச் சமையலறையில் மணி அடிப்பது எனக்கு இங்கே தெளிவாகக் கேட்டது. வெகு நேரம் அடித்த பிறகு அக்கா எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"எங்க போன இவ்வளவு நேரம்?" என்றேன்.

"கொல்லையில இருந்தேன். பழம் எல்லாம் வீணாப் போவுதேன்னு பறிச்சிட்டேன். காய்வீத்தி அம்மாவும் கூட உக்காந்து தொடைச்சிக் குடுக்கறாங்க."

"என்ன பண்ற அக்கா?"

"உப்புப் போடறேன். ஜாடி நெறஞ்சிடிச்சி. போறப்ப இந்த அம்மாகிட்டயே குடுத்துட்டுப் போறேன்." அவள் யாரிடமோ ஹிந்தியில் ஏதோ சொல்ல, பின்னால் அந்த அம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு விமானம் வீட்டின் மேலே போனது. அது போய் முடிகிறவரை அக்கா காத்திருந்தாள்.

"தீர்றதுக்குள்ள நீ வந்துடு" என்றாள்.